முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னவர்

எங்கள் தையல் டீச்சரின் வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். உதட்டின் ஒரு ஓரத்தில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, மறு ஓரத்தால் பாடம் நடத்துவார், பாட்டுப் பாடுவார், திட்டுவார். ஒருநாளும் ஓர் ஊசி விழுந்ததில்லை. ஆனால் அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொள்ள ஆரம்பித்தால் வகுப்பு கப்சிப் என்று அடங்கிவிடும். இன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சாந்தோமில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எங்கள் வீடு. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே மீன்காரி. அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டியாடி?" என்று கல்லறையிலிருந்து எழுந்து வந்து நிற்கக்கூடிய ஆள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைக் குணம் என்பதா வியாதி என்பதா என்று டீச்சர்மார் அறையில் எங்களுக்குள் சண்டையே நடக்கும். யாராவது யாருக்காவது 'இல்லை' என்று சொல்ல வேண்டுமானால், அதை அவர்களே நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆள் விட்டுச் சொல்லக்கூடாது. துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பக்கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முனகக்கூடாது.

ஒருமுறை குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குத் தலைமையான கன்னிகாஸ்திரி மதரிடமிருந்து செய்தி வந்தது. மீன் வாடை அடிக்கிறது என்று யாரோ பெரிய வீட்டு அம்மா புகார் சொல்லிவிட்டாளாம். டீச்சர் வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மதர் அறைக்கு நேராக அழைத்துப் போனார். "மதர், இவகிட்ட நீங்க ஏதோ சொல்லணும்னீங்களாமே. சொல்லுங்க" என்றார். மதர் அந்தக் குழந்தையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில், "நல்லாப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டு ஒரு மாதா படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். பெண் முதல் பெஞ்சிலேயே இருந்தாள்.

அவருடைய கலியாண விஷயத்திலும் இதுதான் நடந்தது. இருபது வயதில் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டார், பெண் கறுப்பு, வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்களாம். இவர் தரகரையும் கூட்டிக்கொண்டு அடையாற்றில் இருந்த அந்த வீட்டுக்கே போய், "என்கிட்ட சொல்லுங்க" என்று நின்றிருக்கிறார். அவர்கள் காப்பி கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள், மழை எப்போது வரும் என்று பேசினார்கள். சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "இன்னிக்கு வரைக்கும் அவங்க வேணாம்னு சொல்லலை. கணக்குப்படி எனக்கு இன்னும் நிச்சயம் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, எதிரே நிறுத்திவிட்டால் அது வேலை செய்யும் என்பது டீச்சரின் நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் அந்த அகதி ஆபீசுக்குப் போகும்வரை.

அந்த வருஷம் பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் ரயில் ரயிலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். ஜப்பான்காரன் குண்டு போட, வேலையும் வீடும் விட்டுக் காட்டுவழியாக மலையேறி வந்தவர்கள். ஊரும் உறவும் உள்ளவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் போய்விட்டார்கள். போக ஊரில்லாதவர்கள் இங்கேயே கடற்கரையிலும் சத்திரங்களிலும் தங்கிவிட்டார்கள். அவர்களை விசாரித்து, உண்மையாகவே பர்மாவிலிருந்து வந்தவர்தானா என்று பார்த்து, முகாமில் சேர்க்கச் சீட்டுக் கொடுக்க லஸ் பக்கத்தில் ஒரு வாடகை பங்களாவில் ஓர் ஆபீஸ் வைத்தார்கள். சீட்டு கிடைத்தால் கூரை உண்டு, அரிசி உண்டு, டாக்டர் உண்டு. கிடைக்காவிட்டால் போலீஸ்காரன் பிச்சைக்காரர்களோடு சேர்த்து மணலிலிருந்து விரட்டுவான்.

செல்லாயி அப்படி வந்தவள். ஐந்தாறு வயதுப் பெண் குழந்தையோடு எங்கள் கோயிலுக்குப் பின்னால் குப்பத்தில், கன்னியம்மா என்ற மீன்காரி வீட்டை ஒட்டிய ஓலைச் சார்ப்பில் ஒண்டியிருந்தாள். குழந்தைக்கு வழியில் பிடித்த காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப் போடும். கன்னியம்மா மீன் கொடுக்க வந்தபோது டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதால் நான்.

அவளைப் பார்த்துவிட்டு வந்ததும் டீச்சர் செய்த முதல் காரியம், தன் பெட்டியிலிருந்து ஒரு நல்ல நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டது. ரவிக்கை ஒன்றும் இரவோடு இரவாகத் தைத்துவிட்டார். "கவர்மெண்ட் ஆபீசுக்குப் போறோம். மரியாதையா போகணும்" என்றார். அவர் வளர்ந்த விதம் அது. கோயிலுக்கும் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ளதிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் சனங்களின் வழக்கம். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

கச்சேரி ரோடு வழியாக நடந்தே போனோம். பங்களா வாசலில் வெயிலில் வரிசை நின்றது. உட்கார ஒரு பலகை கிடையாது. டீச்சர் பையிலிருந்து கைக்குட்டைகளை எடுத்து ஓரம் அடிக்க ஆரம்பித்தார். சும்மா நிற்பது அவருக்கு ஆகாது. வரிசையில் முன்னால் நின்றவளின் கிழிந்த முந்தானையையும் அப்படியே இழுத்துப் பிடித்துத் தைத்து முடித்தார். அவளுக்கே தெரியவில்லை.

அப்போது ஒரு மோட்டார் வந்து நின்றது. பர்மாவில் தேக்கு வியாபாரம் செய்த குடும்பம், கப்பலில் இடம் பிடித்து முன்னாலேயே வந்துவிட்டவர்களாம். அவர்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே அழைத்துப்போய் நாற்காலி போட்டார்கள். டீச்சர் ஓரம் அடித்த கைக்குட்டையை மடிப்பதற்குள் அவர்கள் காரியம் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். காட்டில் வெள்ளைக்காரர்களுக்குத் தனி வழி, கறுப்பர்களுக்குத் தனி வழி என்று பிரித்து விட்டதாகச் செல்லாயி சொல்லியிருந்தாள். அது காடு, இது மயிலாப்பூர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. குமாஸ்தா செல்லாயியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அகதிங்கறா. இஸ்திரி போட்ட புடவை கட்டிண்டு வந்திருக்கா" என்றார், பக்கத்து மேசைக்காரரிடம். பிறகு இவளிடம், "சொந்த ஊர் எது?"

"பியாப்போன் பக்கம் சாமி. நெல்லு வயக்காடு."

"அது பர்மா. நான் கேக்கறது சொந்த ஊர்."

"அங்கனதான் சாமி பொறந்தேன்."

"அப்பன் பாட்டன் ஊர் எதுடிம்மா?"

"தெரியாதுங்க. கப்பல்ல வந்தாங்கன்னு சொல்லுவாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "புருஷன்?"

குமாஸ்தாவின் கண் அவள் கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிற்றில் தாலி கிடந்தது.

"இருக்கானா, இல்லையா?"

"பின்னால வாரேன்னு சொன்னாரு சாமி."

மலைமேல் ஏறும்போது கால் இரண்டும் வீங்கி, அவனால் நடக்க முடியாமல் போயிருக்கிறது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நிற்கிறவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு நட, நான் பின்னால வாரேன்" என்றானாம். இவள் நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டிப் போ, போ என்றானாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "வரமாட்டேன்னு அவரு சொல்லலீங்களே" என்றாள்.

குமாஸ்தா சட்டத்தைச் சொன்னார். புருஷன் உயிரோடிருந்தால் விண்ணப்பம் அவன்தான் போட வேண்டும். செத்துவிட்டால் இவள் விதவை, குழந்தையோடு உடனே முகாமில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் செத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி இல்லாவிட்டால் வாக்குமூலமாவது வேண்டும். கழுத்தில் தாலியைப் போட்டுக்கொண்டு விதவை என்று யாரும் வர முடியாது. "ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிண்டு அடுத்த மாசம் வா. அடுத்து யாரு?"

டீச்சர் முன்னால் வந்தார். "சார், உனக்குச் சீட்டு இல்லைங்கறதை இவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் மதரிடமும் பெண் பார்த்த வீட்டாரிடமும் பலித்த வித்தை. நான் அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செல்லாயியை நேராகப் பார்த்தார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உனக்குச் சீட்டு இல்லை. போ" என்றார். அடுத்தவனையும் அதேபோலப் பார்த்து அதையே சொன்னார். அது அவருக்கு அன்றாட வேலை.

வெளியே வந்ததும் டீச்சர் மரத்தடியில் நின்றார். "சொல்லிட்டான்டி" என்றார். அப்படி ஓர் ஆச்சரியம் அவர் முகத்தில். "பார்த்துக்கிட்டே சொல்லிட்டான்டி!"

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அதே ஆள், இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக. பள்ளி விட்டதும் நேரே அந்த ஆபீசுக்கு நடப்பார். சனிக்கிழமை முழுவதும் அங்கேயே. செல்லாயிக்காக ஆரம்பித்தது, வரிசையில் நின்ற எல்லோருக்குமாக ஆனது. பர்மாவில் உங்களுக்கு யாராவது சொந்தமா என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கேள்விதான் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரவழைக்கும். "எனக்கு அங்கே ஒரு கொசுகூடச் சொந்தமில்லை. சொந்தம் இருந்தாத்தான் கேக்கணுமா?" என்பார்.

அவர் கேட்டது என்ன பெரிய சொத்தா? நிற்கிறவர்களுக்கு ஒரு பந்தல் போடு என்றார். மோட்டாரில் வருகிறவனுக்கும் நடந்து வருகிறவனுக்கும் ஒரே கதவு வை என்றார். தவறு இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடு, மாதத்துக்கு ஒரு தவறாகச் சொல்லித் திருப்பி அனுப்பாதே என்றார். காகிதம் இல்லாதவர்களுக்கு, கூட நடந்து வந்தவர்களின் சாட்சியை எடுத்துக்கொள் என்றார். செல்லாயியோடு ஒரே கூட்டமாக வந்த இரண்டு குடும்பம் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தது. அவர்களைத் தேடிப்பிடித்து அழைத்தும் வந்தார். அவள் புருஷன் மரத்தடியில் உட்கார்ந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குமாஸ்தா சிரித்தார். "இவாளும் அகதிதானே. அகதிக்கு அகதி சாட்சியா?"

"மலை மேல வேற யார் சார் இருந்தா? நீங்க இருந்தீங்களா?"

அதோடு விட்டிருக்கலாம். குமாஸ்தாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாரும் பயந்துண்டு ஓடிவந்துட்டா. அங்கேயே இருந்தவா எத்தனையோ பேர் சௌக்கியமா இருக்காளாம். இவ வீட்டு மேல குண்டு விழுந்துதா? இவ கண்ணால பார்த்தாளா?"

டீச்சர் தோளில் ஊசி குத்திக்கொள்வதைப் பார்த்தேன். அந்த ஏப்ரலில் சென்னையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்ற பேச்சில் பாதி ஊர் காலி. மாடவீதியில் நாய்தான் நடமாடியது. அண்டா, குண்டா, ஊறுகாய் ஜாடி, தையல் மிஷின் எல்லாம் எழும்பூர் ஸ்டேஷனில் மலையாகக் கிடந்தன. ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, மாமனார் ஊரில் வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

"சார், ஏப்ரல்ல நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் டீச்சர்.

"அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"குடும்பத்தை அழைச்சுண்டு கும்பகோணம் போயிருந்தேன்."

"உங்க வீட்டு மேல குண்டு விழுந்துதா சார்? கண்ணால பார்த்தீங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. அந்த வெயிலில், அந்தக் காய்ச்சலில், அந்தப் பசியில் அவர்கள் சிரித்ததை நான் பார்த்தேன். அதற்காகவே டீச்சரை ஆயிரம் முறை மன்னிக்கலாம். ஆனால் மன்னிக்க வேண்டியதும் இருந்தது. செல்லாயியின் விண்ணப்பம் அன்றிலிருந்து காகிதக் கட்டின் அடிக்குப் போய்விட்டது. சிரித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்தாலும் அதை மேலே எடுக்க முடியவில்லை.

தி. நகரில் பர்மா அகதிகளுக்கு உதவ ஒரு மாதர் கமிட்டி இருந்தது. நான் இங்கிலீஷில் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு போனோம். பெரிய கூடம், ஊஞ்சல், வெள்ளி டம்ளரில் காப்பி. படித்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள். "யுத்த காலத்துல கவர்மெண்டைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு. எங்காத்துல அவருக்கு சர்க்கார் உத்தியோகம் வேற. பழைய புடவை நிறைய இருக்கு, மூட்டை கட்டித் தரட்டுமா?"

"துணி நானே தைச்சுக்குவேன். கையெழுத்துப் போடுங்க" என்றார் டீச்சர்.

போடவில்லை. புடவை மூட்டையை மட்டும் ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பினார்கள். டீச்சர் ஒன்றையும் வீணாக்காமல் பிரித்துக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார். தைக்கும்போது ஒவ்வொரு சட்டைக்கும் அந்த அம்மாளை ஒரு வார்த்தை திட்டினார்.

குப்பத்தில் வேறு பேச்சு நடந்தது. கிழிந்ததைக் கட்டிக்கொண்டு போ, தலையில் எண்ணெய் வைக்காதே, தாலியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே போ, அன்றைக்கே சீட்டு கொடுப்பான் என்று எல்லோரும் செல்லாயிக்குச் சொன்னார்கள். கன்னியம்மா அதை டீச்சர் வாசலுக்கே வந்து சொன்னாள்.

"இன்னா டீச்சரம்மா, நீ பாட்டுக்கு சண்டை போட்டுக்கினு கீற. அந்தப் புள்ள அங்க காச்சல்ல கெடக்குது. ராவெல்லாம் பெனாத்துது. செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னா கொறஞ்சுடும்? தாலிய அப்பாலிக்கா கட்டிக்கினா போச்சு."

"அவ கழுத்துல இருக்கறது எனக்கோ உனக்கோ சொந்தமா கன்னியம்மா, கழட்டுன்னு சொல்ல?"

"அது சரி. புள்ள செத்துப் பூட்டா?"

டீச்சர் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்தனுப்பினார். எனக்கு அன்றைக்கு டீச்சர்மேல்தான் கோபம். கன்னியம்மா கேட்டதில் என்ன தப்பு? ஊர் நியாயத்துக்காக ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்க வேண்டுமா என்று வாய்விட்டே கேட்டேன். டீச்சர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும் அதாண்டி தெரியலை" என்றார். "பொய் சொல்லுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு வரிசையில நிக்கிற எல்லாரையும் அவனுங்க பொய் சொல்ல வெப்பானுங்க. சொல்லாதேன்னா, இது சாகும். என்னை என்ன பண்ணச் சொல்றே?"

மழைக்காலம் வந்தது. சார்ப்பில் தண்ணீர் இறங்கியது. டீச்சர் தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். டாக்டரிடம் காட்டினார். மாத்திரை கடையில் இல்லை, எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது, முகாம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். முகாமில் சீட்டில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அந்த ஆபீசின் பெரிய அதிகாரி எங்கள் கோயில்காரர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர். டீச்சர் கோயிலில் வைத்து அவரிடம் இதைப் பேசக்கூடாது என்று அதுவரை வைராக்கியமாக இருந்தார். சலுகை கேட்டு வாங்கினால் மோட்டாரில் வந்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்பார். குழந்தை இரண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தபோது வைராக்கியம் போனது. பூசை முடிந்து படியிறங்கியவரை மறித்து, "நாளைக்கு எங்களை நேர்ல விசாரிங்க" என்றார். அவரும் தலையாட்டினார்.

மறுநாள் போனோம். செல்லாயி அதே நீலப் புடவை, அதே இஸ்திரி. குழந்தை அவள் தோளில். அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தைக் குமாஸ்தா கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சர், நான் உதவத்தான் பார்க்கிறேன். அத்தாட்சி வேணாம், விட்டுடறேன். இவ வாயால சொன்னாப் போதும். புருஷன் உயிரோட இருக்காரா, இறந்துட்டாரா?"

"அவளுக்குத் தெரியாது சார். தெரியாதுன்னு எழுதுங்க."

"தெரியாதுன்னு எழுத இடமில்லை டீச்சர். ரெண்டுல ஒண்ணுதான்."

"இடம் இல்லேன்னா பிரிச்சுத் தைங்க. அளவு தப்புன்னா சட்டையைத்தான் பிரிப்பாங்க, ஆளையா வெட்டுவாங்க?"

"நான் இதைத் தைக்கலை. மேலேயிருந்து வந்தது."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்படின்னா நீங்க சொல்லுங்க. எழுதப் போறது நீங்கதானே? 'உன் புருஷன் செத்துட்டான்'னு இவ முகத்தைப் பார்த்து நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவ கேட்டுக்குவா."

அதிகாரி செல்லாயியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். குண்டுக்குப் பயந்து ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. அவர் காது சிவந்துவிட்டது. டீச்சர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். இப்போது அந்த மனிதர் பேனாவை எடுத்து, தெரியாது என்று ஓரத்தில் எழுதிவிடுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுக்கவும் செய்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் மேலே கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

குழந்தை தோளில் முனகியது.

"செத்துட்டாரு சாமி" என்றாள் செல்லாயி.

அவள் இன்னொரு தடவையும் சொன்னாள், கேட்கவில்லையோ என்று நினைத்தவளாக, கொஞ்சம் உரக்க. பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அனலாகக் கொதித்தது அந்த உடம்பு. இரண்டு கையாலும் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அதை யாரும் கேட்கக்கூட இல்லை. முந்தி ஒருநாள் கேட்டதை அவள் மறக்காமல் இருந்தாள்.

அதிகாரி எழுதினார். குமாஸ்தா முத்திரை குத்தினார். குழந்தையை நான் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதற்குள் சீட்டு மேசைமேல் வந்துவிட்டது.

ஆறேழு மாதம். வெயிலில், மழையில், காய்ச்சலில் ஆறேழு மாதம். வேலை இவ்வளவுதான். எனக்கு வயதாகிவிட்டது, எத்தனையோ மறந்துவிட்டது, அந்த முத்திரை விழுந்த சத்தம் மறக்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண்கள், கவிழ்க்கவில்லை. "இவ்வளவு நேரந்தான் ஆகும்னா எதுக்கு சார் இவளை நிக்க வெச்சீங்க?" என்று டீச்சர் கேட்டார். "ரூல்ஸ் டீச்சர்" என்றார் அதிகாரி. நிம்மதியாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

வாசல் படிக்கு வந்தோம். வரிசை பழையபடி நின்றது. சீட்டு கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் நாலு பேர் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டார்கள். செல்லாயி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. டீச்சரின் கையைத் தொட்டாள்.

"டீச்சரம்மா, நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

டீச்சர் எல்லாக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வைத்திருப்பவர். சட்டென்று திரும்பி உள்ளே போனார். நானும் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். அதிகாரியின் மேசைக்கு நேராகப் போய், "வாசல்ல அவ ஒரு கேள்வி கேக்கறா. நீங்க வந்து பதில் சொல்லுங்க" என்றார்.

"என்ன கேள்வி?"

"நீங்க வாங்க. அவளே கேப்பா."

"இதோ வர்றேன், இந்தக் கட்டை முடிச்சுட்டு வர்றேன்" என்றார் அவர்.

டீச்சர் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். அந்த வாசலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது கிடையாது. கையில் தையல் இல்லை. உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன, ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பியூன் வந்து, பெரிய அதிகாரி பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார் என்றான். டீச்சர் காதில் விழாதவர் மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை.

செல்லாயிதான் கிட்டே போனாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மறுகையால் டீச்சரின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வாங்க டீச்சரம்மா. பிள்ளைக்குப் பசிக்குது."